வெளிச்சத்துக்கு நேரே

சயான் ஸ்டேஷன் பக்கத்து பழைய பேப்பர் வாங்கும் ரத்திக் கடையில், எடைக்கு வந்த கட்டு ஒன்றுக்குள் அந்தத் தாள் இருந்தது. இங்கிலீஷ் கணக்கு எழுதி, மசி பழுப்பேறிப்போன தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு நாளாக வெயிலுக்குக் காத்திருந்தேன். ஆடி மழை விடவில்லை. இன்று காலை கொஞ்சம் வெளுத்தது. ஜன்னலில் பிடித்தேன். கேடயமும் ஈட்டியுமாக உட்கார்ந்திருக்கிறாள் பிரிட்டானியா. கீழே 1801.

*

நீர்க்குறி என்கிறோம். குறியைப் போடுவது கம்பி. சல்லடை அச்சின் மேல் மெல்லிய கம்பியை உருவமாக வளைத்துத் தைத்துவிடுவார்கள். கூழை அள்ளிக் குலுக்கும்போது அந்த மேட்டில் மட்டும் கூழ் கொஞ்சம் குறைவாகத் தங்கும். அந்தக் குறைச்சல்தான் உருவம். மேசையில் வைத்தால் வெறும் தாள்.

தொட்டிக்கு இரண்டு அச்சு, மாற்றி மாற்றி. அதனால் ஒவ்வொரு குறிக்கும் ஓர் இரட்டை உண்டு. என் தாளில் ஈட்டி லேசாக வளைந்திருக்கிறது. கம்பி தளர்ந்த பிறகு இறங்கிய தாள். இதன் இரட்டையில் ஈட்டி நேராக நின்றிருக்கலாம்.

*

வெளிநாடு போகும் தாளுக்குக் கட்டிய தீர்வை திரும்பக் கிடைக்க வேண்டுமானால், ஆண்டு தாளுக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும் என்று 1794-இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. கப்பலேறிய தாள்களில் வருஷம் இருப்பது அதனால்தான். என் தாளின் 1801, பம்பாயில் கவர்னர் டங்கன் காலம். அந்த வருஷங்களில்தான் சயானையும் குர்லாவையும் சேர்க்கும் கரையைப் போட்டார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் கூலிக்கும் கணக்கு எழுதியதும் இப்படிப்பட்ட தாளில்தான் இருக்கும்.

*

பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு வாங்கிய புல்ஸ்கேப் தாள். கோமாளியின் மணித்தொப்பி அந்த அளவுத் தாளின் நீர்க்குறியாக இருந்ததாம். குறி போய்விட்டது, பெயர் மட்டும் எங்கள் மாட்டுங்கா கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

*

என் 1801 தாள் முழுக்கக் கந்தல். ஆளிநார்த் துணி, பருத்தித் துணி. ஆலைகளில் கந்தலைத் தரம் பிரித்து, பட்டனை அறுத்து, துண்டு போட்டவர்கள் பெண்கள். குறியில் ஆலைக்காரர் பெயர் வரும், இவர்கள் பெயர் வராது. அது எனக்கு ஆறவில்லை.

சாயங்காலம் தாராவி வழியாக நடந்தேன். திருநெல்வேலிப் பேச்சு கேட்டு நின்றேன். மூட்டைத் துணிக்கு நடுவே ஓர் அம்மா, சட்டை ஒன்றை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நைந்த இடத்தைப் பார்த்தாள். பட்டன்களை அறுத்து டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.