பெயரில்லாத் தண்ணீர்க்காரன்

பாரிஸ் தெருக்களில் கூவி விற்றோரையும் சுமந்து பிழைத்தோரையும் எட்மே புஷார்தோன் என்னும் சிற்பி வரைந்தார். கெய்லூஸ் கோமகன் அவற்றைச் செப்புத் தகட்டில் பொறிக்க, எத்தியேன் ஃபெஸ்ஸார் உளி கொண்டு நிறைவு செய்தார். 'பாரிஸின் கூவல்கள்' என்ற பெயரில் 1737 முதல் 1746 வரை, தொகுதிக்குப் பன்னிரண்டாக 60 படங்கள் வெளிவந்தன. தண்ணீர் சுமப்பவன், சாணை பிடிப்பவன், தெருக் கூட்டுபவள் எனத் தாளுக்கு ஓர் ஆள். அடியில் தொழிலின் பெயரோ கூவும் சொல்லோ இருக்கும். ஆளின் பெயர் இராது. வரைந்தவருக்கு மட்டும் பெயருண்டு.

இது நியாயந்தானா? ஏழையின் வியர்வையை மாளிகைவாசிகள் தம் பொழுதுபோக்காக்கிக் கொண்டனர் என்று சொல்லிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் புஷார்தோன் அவர்களைக் கேலிப் பொருளாக்கவில்லை என்பதை நாம் மறைக்கலாகாது. சுமையின் பாரம் தோளில் எங்கே விழுகிறது என்பதை அவர் கண்டிருக்கிறார். மன்னர் பதினைந்தாம் லூயிக்குக் குதிரைச் சிலை வடிக்கும் பணியும் பின்னாளில் அவரிடமே வந்தது. அச்சிலை 1792-இல் புரட்சிக்காரர்களால் தகர்க்கப்பட்டது. தண்ணீர்க்காரனின் தாள் இன்றும் இருக்கிறது!

நம் மனம் அதிகம் தங்குவதோ, அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர், 1642-இல், ஆபிரகாம் போஸ் பொறித்த ஒரு தாளில். அது செப்புத் தகட்டு அச்சுக்கூடத்தின் படம். ஒருவர் தகட்டில் மை பூசுகிறார். மற்றொருவர் உள்ளங்கையால் துடைக்கிறார். இன்னொருவர் அச்சுப்பொறியின் ஆரங்களைக் கையாலும் காலாலும் உந்தி இழுக்கிறார். தலைக்கு மேலே கயிற்றில் ஈரத் தாள்கள் உலர்கின்றன. தகட்டில் பூச்சுப் பூசி, ஊசியால் கீறி, அமிலம் விட்டால் கீறிய இடம் மட்டும் அரிபடும். அந்தப் பள்ளத்தில் மை தங்கும். 1645-இல் இதற்கொரு கைந்நூலே எழுதியவர் போஸ்.

இந்த மூவருக்கும் பெயரில்லை. எனினும் இங்கே நமக்கு உறுத்தவில்லை. ஏன்? போஸ் வரைந்தது தம் சொந்தத் தொழில். அந்தக் கால் உந்தாவிடில் தம் கோடு தாளில் ஏறாது என்பதை அறிந்தவரின் படம் அது. அவ்வாறாயின் வெளியாள் ஏழையை வரையவே கூடாதா என்று கேட்கலாம். அப்படித் தடுத்திருந்தால் தண்ணீர்க்காரனின் தோள் நமக்குக் கிட்டியிராது. பெயர் கேட்காமற் போனது குறையே, பார்த்தது குறையன்று.

கோமகனின் 60 தகடுகளையும் இப்படி யாரோ மிதித்து இழுத்துத்தானே அச்சிட்டிருக்க வேண்டும்! தெருவில் கூவும் தொழில் அவருடையதன்று. ஆகவே அந்த 60-இல் அவருக்கு இடமில்லை.