வீதிக்கு வந்த மூலவர்

பொதுவாகக் கோயில்களில் மூலவர் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். வாகனம், வெயில், தெருத் தூசி எல்லாம் உற்சவர் பாடு. சிதம்பரத்தில் கதை வேறு. அங்கே ஆடும் உருவமே மூலவர். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் அவரே கிளம்பித் தேரேறிவிடுகிறார்.

தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த மார்கழிக் காலையில் தெற்கு வீதி அத்தை வீட்டுத் திண்ணையில் நின்று, கீழ வீதி முனையில் தேர் திரும்புவதைப் பார்க்கும்வரை எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

ஐந்து தேர்கள். முன்னால் பிள்ளையார், அடுத்து முருகன். பிள்ளைகளை முன்னே அனுப்பிவிட்டு அப்பன் சாவகாசமாக வருகிறார். பின்னாலேயே சிவகாமி அம்மை, கடைசியில் சண்டிகேஸ்வரர். முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கூச்சல், சங்கு, மேளம். வீடு முழுக்க ஓர் அதிர்வு. திண்ணைத் தூணில் கை வைத்தால் தெரிந்தது.

அத்தைக்கு முழங்கால் போய் மூன்று வருஷம் ஆகிறது. வீட்டு வாசல்தான் எல்லை. மற்ற நாளில் "பெருமான்" என்று சொல்லும்போதே குரலைத் தாழ்த்துகிறவள். தேர் எதிரே வந்ததும் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். "வந்துட்டியாப்பா? இவ்வளவு நேரமா? வெயில்ல முகமே வாடிப்போச்சே!" ஊரிலிருந்து வந்த பிள்ளையிடம் கேட்பதுபோல. கும்பிடக்கூட மறந்துவிட்டாள்.

நான் எப்போது படியிறங்கினேன், யார் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், எதுவும் நினைவில்லை. வடம் உள்ளங்கையில் சொரசொரத்தது. நிமிர்ந்தேன். மாலைகளுக்கு நடுவே அந்தத் தூக்கிய திருவடி. நான் இழுக்கவில்லை, அதுதான் என்னை இழுத்தது. அழுதேனா, சிரித்தேனா? இரண்டும்தான். தொண்டையில் ஓர் எழுத்தும் வராமல் ஐந்தெழுத்தும் முட்டிக்கொண்டு நின்றன. நான் என்ற ஒருத்தி கொஞ்ச நேரம் அங்கே இல்லை. அப்பா, என்ன சுகம் அது!

அன்றிரவு அவர் தங்குவது ஆயிரங்கால் மண்டபத்தில். தினப்படி அபிஷேகம் ஸ்படிக லிங்கத்துக்கு; நடராஜருக்கு வருஷத்துக்கு ஆறே முறை. நம் ஒரு வருஷம் தேவர்களுக்கு ஒரு நாள், அவர்களுடைய ஆறு கால பூஜைதான் இந்த ஆறும் என்பார்கள். அப்படியானால் மார்கழி அவர்களுக்கு விடியற்காலை. மறுநாள் இருட்டு விலகுமுன் பால் குடம் குடமாக வழிந்தபோது எனக்கும் அப்போதுதான் விடிந்தது.

பிற்பகலில் சிற்சபைக்குத் திரும்புகிறார். நேரே போய்விடுவாரா என்ன? முன்னே நாலடி, பின்னே நாலடி, ஆடி ஆடி. தாங்கிகளின் தோளில் ஆடுகிறாரா, அவர்களை ஆட்டுகிறாரா? அவர் பின்வாங்கும்போதெல்லாம் கூட்டத்தில் ஓர் "ஆ!" போகாதே என்று கேட்டு, கிடைத்துவிட்டதுபோல.

வீட்டில் களி ஆறிக்கொண்டிருந்தது. விறகு விற்ற சேந்தனார் மழைநாளில் வேறு வழியில்லாமல் கிண்டிய களி. பொங்கலும் புளியோதரையும் காணாத ஆசையோடு பெருமான் தேடிப்போய்ச் சாப்பிட்டாராம். வெல்லம் மணக்கும் களிக்குக் காரமாக ஏழுகறிக் கூட்டு. வேறெந்த நாளில் இப்படிச் சேர்த்துச் சாப்பிடுவோம்? விரலில் ஒட்டியதை வழித்துக்கொண்டே வாசலைப் பார்த்தேன். தேர்ச் சக்கரம் இழுத்துப்போன கோலம் அப்படியே கிடந்தது. வேலைக்காரம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

"இன்னைக்கு வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றாள் அத்தை.