மிக்சிங்கில் ரகசியம் உண்டா?

மிக்சிங் என்பது தனித்தனியாகப் பதிவான குரல், டிரம், பாஸ் கிதார், வயலின் முதலிய தடங்களைச் சேர்த்து, இரண்டு ஸ்பீக்கரில் ஒரே பாட்டாகக் கேட்கும்படி அமைக்கும் வேலை. அதற்கான கருவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒலியளவைக் கூட்டிக் குறைக்க ஃபேடர், இடது வலது என்று இடம் பிரிக்க பேனிங், தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலிப் பகுதிகளைத் திருத்த ஈக்வலைசர், ஏற்ற இறக்கத்தை அடக்க கம்ப்ரஸர், கூடத்தின் எதிரொலியைச் சேர்க்க ரிவெர்ப். இவற்றின் வேலையை ஒரு பிற்பகலில் விளக்கிவிடலாம். ஆனாலும் அதே கருவிகளை வைத்துக்கொண்டு ஒருவர் செய்தது பாட்டாக நிற்கிறது, இன்னொருவர் செய்தது கலங்கிய குட்டையாகக் கிடக்கிறது. தேர்ந்தவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை, எல்லாம் எளிய அடிப்படைதான் என்கிறார்கள் வேறு சிலர். ஒலிக்கூடத்துக்குள் கேட்கப்படும் இந்தக் கேள்விக்குள், அறிவு என்றால் என்ன என்ற பழைய தத்துவக் கேள்வியே இருக்கிறது.

தொழில் ரகசியங்கள் இருந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பாடகி ஷெர் பாடி 1998-இல் வெளிவந்த 'பிலீவ்' பாட்டில் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லாமல், படிக்கட்டில் குதிப்பதுபோல் தாவும். தயாரித்தவர்கள் அதை வோகோடர் என்ற பழைய கருவியின் வேலை என்று பத்திரிகையிடம் சொன்னார்கள். உண்மையில் அது ஆட்டோ-டியூன். எண்ணெய் தேடும் நிறுவனங்களுக்காக நிலத்தடி அதிர்வுகளை ஆராய்ந்துவந்த ஆண்டி ஹில்டபிராண்ட் உருவாக்கி, 1997-இல் விற்பனைக்கு வந்த மென்பொருள். சுருதி திருத்தும் வேகத்தை உச்சத்தில் வைத்தால் அந்தத் தாவல் வந்துவிடும். சில ஆண்டுகளிலேயே உலகத்துக்கெல்லாம் அது தெரிந்துபோயிற்று, எண்ணற்ற பாடல்களில் அந்த ஒலி கேட்டது. மறைத்து வைக்கக்கூடிய அறிவின் இயல்பு இதுதான். ஒரே வாக்கியத்தில் அடங்கும், சொன்ன கணமே கைமாறும். இவ்வளவு சுலபமாகக் கைமாறக்கூடியதை நம்பி ஒரு தொழில் தலைமுறை தலைமுறையாக நிற்க முடியாது.

இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது புரூஸ் ஸ்வீடியனின் கதை. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982) தொகுப்பைப் பதிவுசெய்து மிக்சிங் செய்தவர் அவர். அவர் வேலை செய்த இசைத்தட்டு உறைகளில் 'அக்யூசானிக்' என்றொரு பதிவுமுறையின் பெயர் அச்சாகியிருக்கும். யாருக்கும் கிடைக்காத ஏதோ ஒரு பெட்டி அவரிடம் இருப்பதாகப் பலர் நம்பினார்கள். அப்படி ஒரு பெட்டியே இல்லை என்பதைப் பிற்காலத்தில் அவரே விளக்கினார். பல தட டேப் எந்திரங்கள் இரண்டை நேரக் குறியீட்டால் பிணைத்து ஒன்றாக ஓடவிடும் தன் வேலைமுறைக்கு அவர் சூட்டிய பெயர் அது. காந்த நாடா ஓட ஓடத் தேயும், முதலில் மழுங்குவது டிரம் அடியின் கூர்மை. அதனால் தாளம் பதிவான மூல நாடாவைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, நகலை ஓட்டியே மற்ற பதிவுகளைச் செய்தார். கடைசியில்தான் மூல நாடா மறுபடி எந்திரத்தில் ஏறும். நாடா தேயும் என்பது அன்றைய ஒலிப்பொறியாளர் எவருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்ததை இந்த அளவு மதித்து நடந்தவர்கள் குறைவு.

அதே தொகுப்பின் 'பில்லி ஜீன்' பாட்டுக்கு ஸ்வீடியன் 91 கலவைகள் செய்தார். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சின்னத் திருத்தம். கடைசியில் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் இரண்டாவது கலவையைப் போடச் சொல்லிக் கேட்டார். வெளிவந்தது அதுதான். கருவியிலோ உத்தியிலோ ரகசியம் இருந்திருந்தால் அது இரண்டாவதிலும் இருந்திருக்கும், தொண்ணூற்றொன்றாவதிலும் இருந்திருக்கும். கை மாறவில்லை, நாடா மாறவில்லை, காதுதான் மாறிவிட்டது. திருத்தத் திருத்த, பாட்டை முதன்முதலில் கேட்பவருக்கு அது எப்படிப் படும் என்ற உணர்வு நழுவிப்போகிறது. எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் தொழிலறிவின் ஒரு பகுதி. எந்தக் கருவியின் விளக்கக் கையேட்டிலும் அதற்கு ஒரு பக்கம் கிடையாது.

அடிப்படைகளின் வலிமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஒரே அதிர்வெண் பகுதியில் இரண்டு ஒலிகள் மோதினால் வலியது மெலியதை மூடிவிடும். பாடும் சொல்லின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கிறது, எலெக்ட்ரிக் கிதாரின் கூர்மையும் அங்கேதான். குரல் எடுபடவில்லை என்று புதியவர் குரலின் ஃபேடரை ஏற்றுவார். கிதார் அமுங்கும், அதையும் ஏற்றுவார். பிறகு டிரம் போதாது என்று தோன்றும். அரை மணி நேரத்தில் எல்லா ஃபேடரும் உச்சியில் நிற்கும், குரல் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். அனுபவசாலி குரலைத் தொடமாட்டார். கிதாரில் அந்தப் பகுதியை மட்டும் மூன்று டெசிபல் இறக்குவார், குரல் தானாக முன்னே வந்து நிற்கும்.

காதும் சும்மா இருப்பதில்லை. பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகளைக் காது மிகக் குறைவாகவே உணர்கிறது. சத்தம் கூடினால் அதே பாஸ் திரண்டு எழுகிறது. ஆகவே எதைச் சற்று உரக்க வைத்தாலும் அது மேம்பட்டுவிட்டதாகத் தோன்றும். மிதமான ஒரே அளவில் வைத்து வேலை செய்வதும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒலியளவைச் சமமாக்கி ஒப்பிடுவதும் இந்த மயக்கத்துக்கு எதிரான பழக்கங்கள்.

ஆனால் 'எளிய' என்ற சொல் 'ரகசியம்' என்ற சொல்லுக்குச் சற்றும் குறையாமல் வழிதவற வைக்கிறது. சொல்வதற்கு எளிதாக இருப்பதெல்லாம் செய்வதற்கும் எளிது என்று அது நம்பவைக்கிறது. புகழ்பெற்ற ஒருவரின் கம்ப்ரஸர் எண்களை ஒருவர் அப்படியே குறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்: வாசல் (இதைத் தாண்டினால்தான் கருவி அடக்கத் தொடங்கும்) −18 டெசிபல், விகிதம் நான்குக்கு ஒன்று. மூலப் பாட்டில் குரல் வாசலைத் தாண்டி எட்டு டெசிபல் எழும்போது கருவி அதை இரண்டாக அடக்கியிருக்கும். மென்மையாகப் பாடப்பட்ட இன்னொரு குரல் அந்த வாசலை எட்டவே எட்டாது, கருவி வெறுமனே கிடக்கும். எண்களில் தவறில்லை. அந்த எண்களுக்குக் காரணமாக இருந்த குரல்தான் இங்கே இல்லை.

இன்னது என்று அறிவது வேறு, செய்ய அறிவது வேறு என்று தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல் 1949-இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் பொலானி 1958-இல் இன்னும் ஒரு படி போனார். ஒரு கலையின் விதிகள், அந்தக் கலையில் ஏற்கெனவே கொஞ்சம் கைபழகியவருக்குத்தான் வழிகாட்டும் என்றார் அவர். சீனத்துச் சுவாங்சி நூலில் வரும் சக்கரத் தச்சர் பியனின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. உளி எந்த அளவு மெதுவாக, எந்த அளவு வேகமாக இறங்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். மகனுக்குச் சொல்ல வாய்க்கு வரவில்லை, அதனால் எழுபது வயதிலும் அவரே சக்கரம் செய்கிறார். மகனிடம் அவர் எதையும் ஒளிக்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

தமிழ் வைணவ மரபில் 'ரகசியம்' என்ற சொல்லுக்கு இதற்கு நெருக்கமான ஒரு பொருள் உண்டு. திருமந்திரம், துவயம், சரம சுலோகம் ஆகிய மூன்றையும் ரகசியங்கள் என்பார்கள்; பிள்ளை லோகாசாரியர் 'முமுட்சுப்படி'யில் விரித்துரைப்பது இவற்றையே. இவற்றுள் சரம சுலோகம் கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில் எவரும் படிக்கும்படி இருக்கிறது. ஏட்டில் கிடைப்பதாலேயே அது கைவந்துவிடாது, ஆசிரியரை அண்டிப் பெற வேண்டும் என்பது அந்தச் சொல்லின் அழுத்தம். இந்தப் பொருளில் மட்டும் மிக்சிங்கில் ரகசியம் உண்டு.

ஆனால் சொல்லில் அடங்காது என்ற சாக்கில், சொல்லக்கூடியதையும் சொல்லாமல் விடுவது அநியாயம். காதின் மயக்கம் ஒரு காலத்தில் அனுபவசாலிகளின் உள்ளுணர்வில் மட்டும் இருந்தது. ஃபிளெட்சரும் மன்சனும் அதைக் காகிதத்தில் கோடாக வரைந்துவிட்டார்கள். இன்று உள்ளுணர்வு என்று சொல்லப்படுவதில் எவ்வளவோ நாளை எழுத்தில் வரக்கூடும்.

எஞ்சியது பக்கத்தில் இருந்து கற்பதால் வருகிறது. ஜெஃப் எமெரிக் 1962-இல் பதினாறு வயதில் லண்டன் இ.எம்.ஐ. ஒலிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, மூத்தவர்களின் வேலையைப் பார்த்தே வளர்ந்தார். 1966-இல் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' தொகுப்புக்கு, அந்த நிறுவனத்தின் விதியை மீறி கிக் டிரமுக்கு மிக அருகில் மைக்கைக் கொண்டுபோனார், டிரமுக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்தார். இன்று எந்தக் கையேட்டிலும் காணப்படும் இந்த உத்தி அன்று எதிலும் இல்லை. எந்த ஒலி வேண்டும் என்று அவர் காதுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக் கணினியில் தனியாக உட்கார்ந்து கற்பவருக்கு, மூத்தவர் செய்து பார்த்துக் கைவிட்டவை கண்ணில் படுவதில்லை, முடிந்த பாட்டுதான் கிடைக்கிறது. ரகசியம் விற்பவர்களுக்கு இன்று இவ்வளவு கூட்டம் சேர்வதற்கு இதுவே காரணம். 'பில்லி ஜீன்' கலந்த அறையில் ஓர் உதவியாளர் தொடர்ந்து இருந்திருந்தால், மூன்றாவதிலிருந்து தொண்ணூற்றொன்று வரை என்னென்ன மாறின, எங்கே பாட்டு கைநழுவியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பார்.