தங்கப் பல்லும் கல்லறை நிலமும்

நுரையீரல் கட்டியை எடுத்துவிட்டு வெளியே வரும் டாக்டர் இரண்டு விஷயம் சொல்வார். "சுத்தமா எடுத்தாச்சு." அடுத்த மூச்சிலேயே, "ஆறு மாசம் கழிச்சு ஒரு சி.டி. எடுத்துட்டு வாங்க." வீட்டில் உள்ளவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடுவார்கள். அறுபட்டவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு விழித்துக் கிடப்பார். சுத்தமா எடுத்தாச்சுன்னா மறுபடி ஸ்கேன் எதுக்கு?

நியாயமான கேள்விதான். ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சின்னதாக ஏதாவது எங்காவது தங்கியிருந்தால் என்ன செய்வது? அதனால்தான் பொதுவாக முதல் இரண்டு மூன்று வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையும் பார்க்கிறார்கள். இடையில் வரும் இருமல் எதுவும் வெறும் இருமலாக இருப்பதில்லை. ஸ்கேன் தேதி நெருங்கினால் சோறு இறங்காது. ரிப்போர்ட் கவரை ஆட்டோவிலேயே பிரித்து, புரிகிற ஒரு வார்த்தையாவது கிடைக்காதா என்று விரல் வரிவரியாக ஓடும்.

நம்பிக்கையையும் பயத்தையும் இப்படிச் சேர்த்தே சுமந்த ஒருவர், அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துப் பிரசவ டாக்டர் ஜேம்ஸ் கில்மோர். 1933இல், 48 வயதில், இடது நுரையீரலில் புற்றுநோய். செயின்ட் லூயிஸில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர் அவரைப் பார்த்தார். புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை முழுசாக ஒரே அறுவையில் எடுத்து, ஆள் பிழைத்ததாக அன்றுவரை சரித்திரம் இல்லை.

அறுவைக்கு முன்னால் கில்மோர் ஊருக்கு ஒரு நடை போய்வந்தார். போன இடத்தில் பல்லுக்குத் தங்கம் அடைத்துக்கொண்டாராம். பிழைப்போம் என்று நம்பாதவன் பல்லில் தங்கத்தைப் போடுவானா? ஆனால் அதே பயணத்தில் தனக்கென்று ஒரு கல்லறை நிலமும் வாங்கி வைத்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்ததாம்.

தங்கப் பல்லை எல்லோரும் மெச்சலாம். எனக்கு அந்த நிலம்தான் பிடித்திருக்கிறது. "நல்லதையே நினை" என்று சொல்லிச் சொல்லியே அறுபட்டவரின் பயத்தை வாய்க்குள் அடைத்துவிடும் வீடுகள் நம்மிடம் நிறைய. உயில் என்று வாயெடுத்தால் அபசகுனம். சாயங்காலம் ஆனால் மட்டும், "ஏம்ப்பா பேசவே மாட்டேங்கிறீங்க?"

பேச விடுங்கள். நீங்களே அறுபட்டவர் என்றால், இன்ஷூரன்ஸ் பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டு வந்த மூக்குக் கண்ணாடியையும் இன்றைக்கே மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றைச் செய்ததால் மற்றது பொய்யாகிவிடாது.

கில்மோரின் அறுவை 1933 ஏப்ரல் 5ஆம் தேதி நடந்தது. கட்டி இருந்த மடலை மட்டும் எடுக்கலாம் என்று நெஞ்சைத் திறந்த கிரஹாம், அது போதாது என்று கண்டு, இடது நுரையீரல் முழுவதையும் எடுத்தார். ஒற்றை நுரையீரலோடு கில்மோர் தன் தொழிலுக்குத் திரும்பினார். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவைக் காட்டிய 1950ஆம் ஆண்டு ஆய்வில் கிரஹாமுக்கும் பங்கு உண்டு. அவரே நெடுங்காலம் சிகரெட் பிடித்தவர். 1957இல் அவர் இறந்தது நுரையீரல் புற்றால்.

கில்மோர் 1963 வரை இருந்தார்.