கையில் கட்டிய கயிறு

2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம், பெரியவர்களைப் போலவே இவர்களையும் தண்டியுங்கள் என்ற குரல் எழுகிறது. கொடுங்குற்றமென்றால் பதினாறைக் கடந்தவனை அப்படி விசாரிக்க 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் வழிவைத்திருக்கிறது. தண்டனை கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஓங்கிய கையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு, ஓங்கப் பழக்கிய ஊரும் வேடிக்கை பார்த்த அரசும் வீட்டுக்குப் போய்விடுவது அறமாகாது. அந்தக் குற்றத்தில் அவர்களுக்கும் பங்குண்டு, பெரும் பங்குண்டு.

அந்தக் கையை உற்றுப் பார்த்தால் மணிக்கட்டில் ஒரு கயிறு இருக்கும். சாதிக்கொரு நிறம். தெற்கத்திப் பள்ளிகளில் யார் யார் பக்கத்தில் உட்காரலாம், யாரோடு சண்டை என்பதையெல்லாம் அந்த நிறமே சொல்லிவிடும். 2019இல் பள்ளிக் கல்வித்துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அது அப்படியே அடங்கிப்போனது. நிலத்தின் தன்மை நீருக்கு வருவதுபோலச் சேரும் கூட்டத்தின் குணம் அறிவுக்கு வரும் என்று ‘சிற்றினம் சேராமை’யில் வள்ளுவர் சொன்னது இந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னதுபோல இருக்கிறது. பிள்ளை தானாகவா கூட்டத்தைத் தேடிப்போனான்? தொட்டிலிலேயே சேர்த்துவிட்டார்கள். நோயைக் கண்டால் அதன் முதலைத் தேடு என்று ‘மருந்து’ அதிகாரத்தில் சொன்னவரும் அவரே.

முதலைத் தேடாமலும் இல்லை. தொண்ணூறுகளின் சாதிக் கலவரங்களுக்குப் பிறகு, நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் குழு தென் மாவட்டங்களுக்குத் தொழிற்சாலைகள் வேண்டும் என்றது. வேலையில்லாத இளைஞன்தான் அரிவாளுக்கு எளிதில் கிடைப்பவன் என்பது அந்தக் குழுவுக்குத் தெரிந்திருந்தது. அதையொட்டித்தான் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் ஒதுக்கினார்கள். எங்கே தெரியுமா? இதே நாங்குநேரியில். இருபது ஆண்டுகள் கடந்தும், சொன்ன ஆலைகள் வரவில்லை. அந்த நிலம் வெறுமனே கிடந்த காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தாம் 2023இல் அந்த வீட்டுக்குள் புகுந்தவர்கள்.

அதே தெருவில், அதே வறுமையில் வளர்ந்த எத்தனையோ பேர் அரிவாள் எடுக்கவில்லையே என்பார்கள். உண்மைதான், ஒவ்வொருவனுக்கும் மனசாட்சி உண்டு, வெட்டுண்டவனின் வலிக்கு நீதியும் வேண்டும். ஆனால் சாக்கடை தேங்கிய தெருவில் எல்லோருக்குமா காய்ச்சல் வருகிறது? அதற்காகச் சாக்கடையை அப்படியே விட்டுவிடுகிறோமா? கொலைஞரைத் தண்டிப்பது பயிருக்குக் களையெடுப்பது போன்றது என்று ‘செங்கோன்மை’யில் வள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்று மறுப்போரும் உண்டு. களையெடுக்கும் உழவன் அத்தோடு நிற்பதில்லை. விதையில் கலப்பிருந்ததா, வாய்க்கால் எங்கிருந்து களைவிதையை அடித்துவந்தது என்றும் பார்ப்பான். பார்க்காதவன் ஒவ்வொரு போகத்திலும் களை பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறும் நெற்றி அடையாளமும் கூடாது, பள்ளிகளின் பெயர்ப்பலகையில் சாதி கூடாது என்றெல்லாம் அது சொன்னது. பள்ளிக்கூடப் பலகையில் எழுதியிருப்பதைக்கூட அழிக்க ஒரு குழு சொல்ல வேண்டியிருந்தது. பத்து மாதம் கழித்துப் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பறைக்குள்ளேயே சக மாணவனை அரிவாளால் வெட்டினான்; தடுத்த ஆசிரியைக்கும் காயம். அது சாதித் தகராறு இல்லை, பென்சில் தகராறு என்றார்கள். அந்த வயதில் பென்சிலுக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்வது எங்கும் உள்ளதுதான். புத்தகப் பையில் அரிவாளை வைத்துக் கொண்டுவரலாம் என்று அவனுக்குத் தோன்றியதே, அதை அவன் எந்தப் பாடத்தில் படித்தான்?