உடைமையும் அன்பும்: பூனையின் உரசல் எழுப்பும் வினா

வீட்டுப் பூனை தன்னை வளர்ப்பவரின் காலில் முகத்தை உரசுவது அன்பின் வெளிப்பாடு என்று ஒரு சாராரும், 'இவர் என் உடைமை' என்று அது முத்திரையிடுகிறது என்று மற்றொரு சாராரும் கூறுவர். பின்னவர் கூற்று அறிவியலின் முடிவு போலவே இன்று பரவிவிட்டது. ஆயினும் இரு கூற்றுகளும், உடைமை உள்ள இடத்தில் அன்புக்கு இடமில்லை என்னும் ஒரே அனுமானத்தின் மீது நிற்கின்றன. பூனையின் நடத்தையோடு அந்த அனுமானமும் ஆராயத்தக்கது.

வெளியே சென்று திரும்பியவரை நோக்கி வாலை நிமிர்த்தி வரும் பூனை, கண்களைப் பாதி மூடி, வாயோரத்தை அவர் கணுக்காலில் அழுத்தி, கன்னம் முழுவதும் படும்படி இழுத்து, பின்னர் விலாவையும் வாலையும் உரசியவாறு கடந்து செல்கிறது. மோவாய், வாயோரம், கன்னம், நெற்றிப்பொட்டு, வாலின் அடி ஆகிய இடங்களில் அதற்கு மணச்சுரப்பிகள் உள்ளன. நாள்தோறும் உரசப்படும் கதவின் விளிம்பில், பூனையின் கன்ன உயரத்தில், பழுப்புப் பிசுக்காகப் படிவது இச்சுரப்பே. இதில் அடங்கிய, ஓர் உயிர் தன் இனத்தைச் சேர்ந்த மற்றோர் உயிருக்குச் செய்தி உணர்த்தும் வேதிப்பொருள் ஃபெரோமோன் எனப்படும். பிரெஞ்சு ஆய்வாளர் பாட்ரிக் பாஜே 1990களில் பூனையின் முகச்சுரப்பில் ஐந்து கூறுகளைப் பிரித்துக் காட்டினார். அவற்றுள் ஒன்று பொருள்களின் மீது உரசுவதோடும், வேறொன்று பழகிய உயிர்களின் மீது உரசுவதோடும் தொடர்புடையது.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. எல்லையைக் காக்கும் பதற்றத்தில் பூனை செய்வது சிறுநீர் தெளித்தல். முகத்தை உரசுவதோ பழகிய, அச்சமற்ற சூழலுக்கு உரியது. மேலும், கூட்டமாக வாழும் பூனைகளிடையே பெரும்பாலும் சிறியதே பெரியதை நாடிச் சென்று உரசுகிறது, குட்டியே தாயை உரசுகிறது. உரசுதல் உரிமை கொண்டாடுதலாயின் குட்டி தாய்க்கு உடையவனாகிவிடும்! உரசும்போது இரு உடல்களின் மணமும் கலப்பதால், கூட்டத்துக்கென ஒரு பொதுமணம் உருவாகிறது. 'நம்மவர்' என்று அறிவதற்குப் பூனைக்கு முகத்தைவிட அந்த மணமே உறுதியான சான்று. உணவு வேளையில் உரசல் மிகுவது உண்மையே. ஆனால் பசித்தபோது தாயைத் தேடும் குழந்தைக்கு அன்பில்லை என்று எவரும் முடிவு கட்டுவதில்லை.

உடைமை உள்ள இடத்தில் அன்புக்கு இடமில்லை என்னும் அனுமானத்துக்குத் தமிழ் வைணவம் விடை வைத்திருக்கிறது. அம்மரபில் உயிர் 'சேஷம்', அதாவது இறைவனுக்கே உரிய உடைமை. அவன் 'சேஷி', உடையவன். சமாசிரயணம் என்னும் சடங்கில் அடியாரின் வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கும் சூடேற்றிப் பொறிக்கப்படுகின்றன. உடலில் இடப்படும் இந்த உடைமைக்குறியை அடியார்கள் இழிவாகக் கருதுவதில்லை. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் உயிரும் சிறிது முயல வேண்டும் என்பது அம்மரபின் ஒரு பிரிவினரான வடகலையார் கொள்கை. தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல் இறைவனே உயிரை எடுத்துக்கொள்வான் என்பது மற்றொரு பிரிவினரான தென்கலையாரின் மார்ஜார (பூனை) நியாயம். தன் உடைமையைத் தேடி வந்து கைக்கொள்வது உடையவனின் பொறுப்பு என்று பின்னவர் வாதிடும்போது, உடைமை என்பதே அன்புக்குக் காரணமாகிறது. விற்கவும் கைவிடவும் உரிமை தரும் சொத்துரிமையை மனத்தில் கொண்டு பூனையின் செயலை அளந்ததே 'முத்திரை' என்னும் விளக்கத்தின் பிழை.

இதனால் பூனைக்கு இறையியலை ஏற்றிச் சொல்வதாகாது. அதன் உள்ளத்தில் நிகழ்வது மனிதர் அன்பு என்று அழைக்கும் அதே உணர்வுதானா என்பதை வெளியிலிருந்து தீர்மானிக்க இயலாது. தீர்மானிக்கக் கூடியது ஒன்றுண்டு: ஒன்றாக வாழும் இரு பூனைகளில் ஒன்று கால்நடை மருத்துவமனைக்குச் சென்று மருந்து நெடியோடு திரும்பினால், மற்றது அதை அயலார் எனக் கருதிச் சீறுவதுண்டு, வீட்டு மணம் மீண்டும் அதன் மேல் படிந்த பின்னரே பெரும்பாலும் அச்சீற்றம் தணிகிறது.