லேத்தைத் தொடுவது யார்?

இன்ஜினியரிங் முதல் வருடத்துப் பிள்ளைகளை ஒர்க் ஷாப்பில் ஒரு லேத்துக்கு ஐந்து பேர் என்று பிரித்து விடுவது வழக்கம். அந்த ஐவரில் ஒரு பெண் இருப்பாள். சில பேட்சில் இருவர். நான் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நின்று பார்த்தால், கொஞ்ச நேரத்தில் வேலை தானாகப் பங்காகிவிடும். ஒருவன் சக்கில் ஜாப்பை மாட்டுவான். ஒருவன் டூலை வைத்து இறுக்குவான். இன்னொருவன் ஹேண்ட் வீலைப் பிடித்தால் அடுத்த ஆளுக்கு விடமாட்டான். அந்தப் பெண்ணின் கையில் நோட்டு இருக்கும். வெர்னியரில் பார்த்து அவர்கள் சொல்லும் ரீடிங்கை அவள் எழுதுவாள். யாரும் அதட்டவில்லை, கேலி செய்யவில்லை. "உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும், நீ எழுது" என்றான் ஒருவன், அவ்வளவுதான். செமஸ்டர் முடிவில் வகுப்பிலேயே அழகான ரெக்கார்ட் அவளுடையதாக இருக்கும். டூல் மழுங்கினால் கைப்பிடியில் வரும் அதிர்வு மட்டும் அவள் கைக்குத் தெரிந்திருக்காது.

அதே லேத்தில் இன்னொருவனையும் பார்க்கலாம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவன். வீட்டு பம்ப்செட்டைப் பிரித்து மாட்டிய கை. மெஷினில் நிறுத்தினால் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்காது. வைவாவில் 'வாட் இஸ் ஃபீட்?' என்று கேட்டால் தரையைப் பார்ப்பான். "ஜாப் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள டூல் எவ்வளவு தூரம் நகருது தம்பி?" என்று கேட்டுப்பாருங்கள், அளவோடு சொல்வான். விடை அவனிடம் இருந்தது, கேள்விதான் அவன் வரைக்கும் போய்ச் சேரவில்லை. மார்க் போடும் படிவத்தில் இதற்கென்று கட்டம் கிடையாது.

பல வருடங்களாக மெக்கானிக்கல் பாடம் நடத்தும் பெண் நான். வாய்ப்புச் சமத்துவம் என்று யாராவது பேசத் தொடங்கினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த லேத்துதான், அட்மிஷன் கவுன்சலிங் அல்ல. கவுன்சலிங் வரைக்குமான பாதையைத் தமிழ்நாடு நன்றாகவே போட்டு வைத்திருக்கிறது. 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துப்போட்டது. முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாகக் கிடைத்தது. இதெல்லாம் இல்லாமல் என் வகுப்பில் பாதிப் பேர் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். 'தகுதி என்னாவது?' என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியின் பழைய கதை ஒன்று.

லலிதா என்ற பெண் 1940-இல் அங்கே மின் பொறியியலில் சேர்ந்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். அப்போது கையில் நான்கு மாதக் குழந்தை. மருத்துவம் படித்தால் நேரங்கெட்ட நேரத்தில் குழந்தையை விட்டு ஓடவேண்டும் என்று இன்ஜினியரிங்கைத் தேர்ந்தெடுத்தார். அவருக்குக் கதவு எப்படித் திறந்தது? அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். அவர் போய்ப் பேசினார், கல்லூரி முதல்வர் சாக்கோ ஒப்புக்கொண்டார். லலிதாவின் மூளைக்கு யார் சிபாரிசும் தேவைப்படவில்லை. அந்த மூளையை வகுப்புக்குள் விடுவதற்குத்தான் அப்பா தேவைப்பட்டார். அப்படி ஓர் அப்பா வாய்க்காதவர்களுக்கு அந்த வேலையைச் சட்டம் செய்கிறது. அதைத்தான் ஒதுக்கீடு என்கிறோம்.

கதையில் எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம் வருவது. நூற்றுக்கணக்கான ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒற்றைப் பெண்ணாக விடுதியில் இருப்பது லலிதாவுக்குக் கஷ்டமாக இருந்தது. சீட்டு கிடைத்தாகிவிட்டதே, சமாளித்துக்கொள் என்று அப்பா சொல்லவில்லை. கல்லூரியில் பெண்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று விளம்பரம் கொடுத்தார். லீலம்மா ஜார்ஜும் தெரசியாவும் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். பிறகு லலிதா பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தித் தடங்களுக்காக வேலை செய்தார். தெரசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். மெஷினை விட்டு ஒதுங்கி நிற்கும் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விளம்பரம்தான் நினைவுக்கு வரும். இப்போது நான் ஐவர் குழுவில் யாரையும் ஒற்றைப் பெண்ணாகப் போடுவதில்லை. நோட்டும் ஹேண்ட் வீலும் அரைமணிக்கு ஒருமுறை கை மாறவேண்டும் என்பது என் ஒர்க் ஷாப்பின் சட்டம். பையன்கள் முணுமுணுப்பார்கள். அவர்கள் எழுதும் ரீடிங்கைப் பார்த்தால் முணுமுணுப்புக்குக் காரணம் புரியும்.

ஆண்டு விழாக்களில் கலைச்செல்வி பெயரைச் சொல்லாத சிறப்பு விருந்தினர் அபூர்வம். அம்பாசமுத்திரம் பக்கம் தமிழ் வழியில் படித்து, காரைக்குடி ஆய்வகத்தில் விஞ்ஞானியாகச் சேர்ந்து, 2022-இல் சி.எஸ்.ஐ.ஆர். தலைமை இயக்குநர் ஆன முதல் பெண். சொல்லவேண்டிய பெயர்தான். அந்த நிறுவனம் 1942-இல் தொடங்கியது, எண்பது வருடம் எங்கே போயிற்று என்பதையும் சேர்த்துச் சொன்னால் கைதட்டல் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

நான்காம் வருடம் வந்துவிட்டால் லேத்துப் பிரச்சினை வேறு உருவில் நோட்டீஸ் போர்டில் வந்து நிற்கும். கோர் கம்பெனி கேம்பஸுக்கு வருகிறது. கீழே 'ஒன்லி பாய்ஸ்' என்று ஒரு வரி. கேட்டால் நைட் ஷிஃப்ட் என்பார்கள். தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது உண்மை. அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்புறம் என்ன தடை? பஸ் இல்லை, தங்க இடம் இல்லை, பாதுகாப்பு எங்கள் பொறுப்பாகிவிடும் என்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் ராத்திரியில் ஒருமுறை ரோட்டோரம் நின்று பார்க்கவேண்டும். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும், உள்ளே முழுக்கப் பெண்கள். அசெம்பிளி லைனில் ஆபரேட்டராக நிற்க ஆயிரக்கணக்கில் பெண்கள் வேண்டும் என்றபோது பஸ் வந்தது, ஹாஸ்டல் வந்தது, கழிப்பறை வந்தது, கேட்டில் பெண் காவலாளியும் வந்தார். அந்த லைனைப் பார்த்துக்கொள்ளும் ஷிஃப்ட் இன்ஜினியராக ஒரு பெண் வருகிறேன் என்றால் மட்டும் பஸ் இல்லாமல் போகிறது. இதை வசதிக் குறைவு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உத்தரவு போடும் இடத்தில் அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிளேஸ்மென்ட் பொறுப்பில் இருக்கும் சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை 'ஒன்லி பாய்ஸ்' என்று சர்க்குலர் வந்தால் உடனே போர்டில் ஒட்டாதீர்கள். அந்தக் கம்பெனி எச்.ஆருக்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் லைனில் ராத்திரி ஷிஃப்டில் பெண்கள் இருக்கிறார்களா, அவர்கள் எந்த பஸ்ஸில் வருகிறார்கள், அதில் இன்னும் ஒரு சீட்டு இருக்குமா என்று மட்டும் கேளுங்கள்.